வீரபாகு வாய் கட்டிய சங்கு

வீரபாகுவுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பயம். தந்திக்காரனாக இருந்துவிடுமோ என்றுதான். வந்தவர் தபால்காரராக இருப்பார், பால்காரராக இருப்பார். இவன் அதற்குள் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டிருப்பான். மீசை முளைத்து, பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்பி, கல்யாணமும் முடிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அவன் வளர்ந்த வீடு அப்படி. அப்பா சங்கரபாண்டி தென்காசியில் சிற்றாற்றுத் தண்ணீரில் நெல் போட்டவர். எழுபத்தெட்டாம் வருசம் கார் நெல் அறுப்பின்போது களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்து எழுந்ததே பெரிசு. திடுக்கென்று எந்தச் சேதியும் அவர் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா பார்வதியம்மாள் அதை அந்த வீட்டுக்குச் சட்டமாக்கிவிட்டாள். பசு செத்தது, அப்பாவிடம் சினைக்கு அனுப்பியிருக்கிறது என்றார்கள். வயலில் புகையான் பூச்சி விழுந்து பயிர் கருகியது. கதிர் நன்றாக வாங்கியிருக்கிறது என்றார்கள். அப்பா எதைக் கேட்டாலும் முந்தின நாள் சொன்ன பதிலையே சொல்வது என்று வழக்கமாகிவிட்டது.

இதில் பெரிய மறைப்பு முப்பிடாதி அத்தையுடையது. சங்கரபாண்டிக்கு உடன்பிறப்பு என்று இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். செங்கோட்டையில் அவர்கள் தாய்மாமன் மகனுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வருசா வருசம் பலாச்சுளையைச் சீவிச் சக்கை வறுவல் போட்டுத் தகர டின்னில் அடைத்துத் தம்பிக்கு அனுப்புவாள். எண்பத்துநாலு தை மாதத்தில் அவள் கண்ணை மூடினாள். கோயில் கொடை விழாவுக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவும் மகனும் போய்த் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் சக்கை வறுவல் வரத்து நிற்கவில்லை. அம்மா பஜாரில் வாங்கி அதே டின்னில் போட்டு வைப்பாள். "அக்கா எப்படி இருக்கா?" என்று அப்பா கேட்பார். "சௌக்கியமா இருக்கா" என்பார்கள். அந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் வீரபாகு அப்பாவின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், ஏறி இறங்குகிறதா என்று.

படிப்பில் கெட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் சிப்புக்குப் புரோகிராம் எழுதப் பழகினான். அந்த ஊர் ஒத்துவராமல் தென்காசிக்கே வந்து, முகம்மது இஸ்மாயில் பாயின் பட்டறையில் சேர்ந்தான். பாய் கடையநல்லூர்க்காரர். கத்தாரில் தண்ணீர் பம்பு நிலையத்தில் இருந்துவிட்டு வந்து, ரேடியோ டிவி ரிப்பேரோடு மோட்டாருக்குத் தானியங்கிப் பெட்டியும் செய்து விற்றார். வாய் கொஞ்சம் துடுக்கு. மனசில் கள்ளம் கிடையாது.

குற்றாலத்தில் வேல்சாமி லாட்ஜுக்குச் சொந்தமாக ஒரு சின்ன அருவி இருந்தது. லாட்ஜுக்குப் பின்னால் எஸ்டேட் வழியாக இறங்கி வரும் ஓடை, பாறையில் விழுகிற இடம். பெரிய அருவிகளில் போலீஸ் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றும். இந்த அருவிக்கு யாரும் கிடையாது. மலையில் எங்கேயோ மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால் வேல்சாமி பட்டறைக்கு வந்து, வெள்ளம் வருமுன் ஊதுகிற மாதிரி ஒரு சங்கு வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மில்லில் ஊதுகிற சங்கு மாதிரி, ஆனால் தானாக ஊத வேண்டும்.

மேலே ஓடையில் ஒரு மிதவை, ஒரு பெட்டி, அதற்கு மாற்றி மாற்றி மாட்ட இரண்டு கார் பேட்டரி. அங்கிருந்து மரம் மரமாகக் கட்டி இறக்கிய வயர். கீழே லாட்ஜ் கல்லாப்பெட்டி அறையில் இன்னொரு பெட்டி. அதில் தண்ணீர் அளவு சிவப்பு எண்ணாக எரியும். அளவு மிஞ்சினால் கூரைமேல் இருக்கிற சங்கு ஊதும். இந்தக் கீழ்ப்பெட்டிக்குப் புரோகிராம் எழுதியது வீரபாகு. பென்சிலில் எழுதி, கையாலேயே எண்ணாக மாற்றி, ஒவ்வொன்றாகச் சிப்பில் ஏற்ற வேண்டும். தப்பானால் ஊதா விளக்கில் காட்டி அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

அந்தச் சிப்புக்குச் சொந்தப் புத்தி கிடையாது. மேல்பெட்டியிடம் அளவு கேட்டு வா என்று ஒரு வேலை. வந்ததைச் சரிபார் என்று ஒரு வேலை. எண்ணைக் காட்டு என்று இன்னொன்று. ஒவ்வொரு வேலையும் திரும்பி வரும்போது, போன காரியம் கெட்டிருந்தால் ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு வரும். கொடியைப் பார்ப்பதும் பாராமல் விடுவதும் எழுதுகிறவன் பாடு. பார்க்கச் சொல்லி எழுதாவிட்டால் சிப் தன் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

வீரபாகு ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் கொடியைப் பார்க்க வைத்தான். எந்த இடத்தில் கெட்டாலும் சரி, நேரே கடைசியில் இருக்கிற ஒரே இடத்துக்குப் போ என்று எழுதினான். அந்த இடத்துக்குக் ‘கூவு’ என்று பேர் வைத்தான். அங்கே போனால் சங்கு ஊதும்.

பாய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னவே இது? ஒரு வரி வேலை, ஒரு வரி பயம், ஒரு வரி வேலை, ஒரு வரி பயம். உம்ம சுபாவத்தை அப்படியே எழுதி வச்சிருக்கீரே."

"பதில் வரலேன்னா மேல என்ன நடக்குன்னு நமக்குத் தெரியாதுல்லா பாய்."

"தெரியலேன்னா முந்தி வந்த அளவை வச்சு ஓட்டணும்வே. கத்தார்ல நாங்க அப்படித்தான் ஓட்டினோம். ஒரு தடவை அளவு வரலைங்கதுக்காக மோட்டாரை நிப்பாட்டினா ஊரே நாக்கு வறண்டு கெடக்கும்."

"அது குடிதண்ணி பாய். இது வெள்ளம்."

"சரிதான், உம்ம இஷ்டம்" என்று பாய் விட்டுவிட்டார்.

சங்கு ஏறியது. சாரல் சீசன் தொடங்கியதும் வந்தது வினை. ஒருநாள் குரங்கு வயரைக் கடித்தது; சங்கு ஊதியது. ஒருநாள் ஈரம் இறங்கிப் பதில் நடுவில் அறுந்தது, அதற்கும் ஊதியது. மூன்றாந்தரம் ஏன் ஊதியது என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மெட்ராஸ்காரர் கோவணத்தோடு பஸ் போகிற ரோடு வரைக்கும் ஓடிவிட்டார். வெள்ளம் வந்தபாடில்லை.

வேல்சாமி நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். "ஏம்வே வீரபாகு, ஒம்ம சங்கு வெள்ளம் வருதுன்னு ஊதுதா, இல்ல ஒமக்குப் பயமாருக்குன்னு ஊதுதா? ஊரே என் லாட்ஜைப் பாத்துச் சிரிக்கி. இன்னொரு தடவை பொய்யா ஊதட்டும், கழத்தி ஓடையில எறிஞ்சிருவேன், ஆமா!"

அவர் போனதும் பாய் சொன்னார்: "நாலஞ்சு தடவை கேட்டுப் பாக்கட்டும். அப்பவும் பதில் இல்லேன்னா ஊதட்டும். அதுவரைக்கும் பழைய அளவு நிக்கட்டும். பொதுவா ரெண்டு பக்கத்துக்கும் நியாயம்."

நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை தடவை? குறைத்து வைத்தால் மறுபடியும் பொய்யாக ஊதும், வேல்சாமி வந்து நிற்பார். கூட்டி வைத்தால் வெள்ளம் முந்திக்கொள்ளும். எந்த எண்ணை எழுதினாலும் அது தன் தலையில் விடியும் என்று பட்டது. அந்தப் பயத்தில் அவன் எண்ணவே வேண்டாம் என்று விட்டுவிட்டான். கொடியைப் பார்க்கிற வரிகளை எடுத்தான். பதில் வராவிட்டால் முந்தின அளவையே வைத்துக்கொள், அடுத்த வேலைக்குப் போ. அவ்வளவுதான். அவன் வீட்டில் எப்படியோ அப்படியே எழுதினான். எழுதும்போது அது அவனுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு சங்கு ஊதவேயில்லை. வேல்சாமி சந்தோஷப்பட்டு, "மாமனார் வீட்டு ஆளுகளைக் கூட்டிட்டு வாரும்வே, நம்ம அருவிதானே" என்றார்.

வைகாசியில்தான் வீரபாகுவுக்கும் சுரண்டைச் சந்தனமாரிக்கும் கல்யாணம் நடந்திருந்தது. அதற்கு அத்தை வராததற்குச் செங்கோட்டையில் ஏதோ தீட்டு என்று அப்பாவிடம் சொல்லிச் சமாளித்திருந்தார்கள். ஆடி பிறக்குமுன் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வருகிறதுதான் வருகிறோம், அப்படியே குற்றாலத்தில் ஒரு குளி போட்டுவிட்டுப் போகலாம் என்று சுரண்டையிலிருந்து மாமனார், மாமியார், கொழுந்தியாள், சித்தி பெரியம்மை என்று ஒரு வேன் நிறையக் கிளம்பி வந்தார்கள். பெரிய அருவியில் கூட்டம் மிதித்துக் கொன்றுவிடும் என்று மாமியார் பயந்தாள். வீரபாகுதான் சொன்னான்: "வேல்சாமி அருவிக்குப் போங்க அத்தை. நான் வச்ச சங்கு இருக்கு."

சந்தனமாரி துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அது பொய்யாப் பொய்யா ஊதுமாமே? ஊரே சொல்லுது."

"அதையெல்லாம் சரி பண்ணியாச்சு. இனி அது ஊதிச்சுன்னா மெய்தான். சீயக்காயும் வேண்டாம், சேலையும் வேண்டாம், திரும்பிப் பாராம ஓடியாந்துரு."

"பெரிய ஆளுதான்" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஊதினால் மெய் என்பது உண்மைதான். மெய்யாக வந்தால் ஊதுமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

வேன் போன பிறகு வீரபாகு பட்டறைக்கு வந்தான். மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, கடற்கரை என்கிற எஸ்டேட் காவலாளி தோளில் ஒரு கார் பேட்டரியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். மேசைமேல் பொத்தென்று வைத்தான்.

"பாய், இதுக்குச் சார்ஜ் ஏத்தணும். வேல்சாமி மொதலாளி சொன்னாக."

பாய் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பேட்டரிலே இது?"

"மேல ஓடைப் பெட்டியில கெடந்ததுதான்."

வீரபாகு எழுந்து நின்றுவிட்டான். "அப்போ இன்னொரு பேட்டரியை மாட்டிட்டுத்தானே இதைக் கழத்துன?"

"அது அம்மன் கொடைக்கு மைக்செட்டுக்குப் போயிருக்குல்லா. செவ்வாக்கெழமை திரும்பி வந்துரும்."

"பேட்டரி இல்லாம பெட்டி எப்படிலே ஓடும்!"

கடற்கரை அவனை வினோதமாகப் பார்த்தான். "நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. முந்தியெல்லாம் வயரைத் தொட்டாலே அலறும். அதனால அந்தப் பேட்டரியை மாட்டிட்டுத்தான் இதைக் கழத்துவேன். இந்தத் தடவை பயந்துக்கிட்டேதான் கழத்தினேன். சத்தமே போடல. சத்தம் போட்டாத்தானே தப்பு? இறங்கி வரும்போது கல்லாவுல நம்பரைக் கூடப் பாத்துட்டுத்தான் வாரேன். நல்லா எரியுது. இருபத்திமூணு."

"எப்பக் கழத்துன?"

"காலையில."

வீரபாகு வெளியே ஓடிவந்து மேற்கே பார்த்தான். தென்காசியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலைக்குப் பாதிக்குமேல் காணவில்லை. புகைமூட்டமாக இருந்தால் சாரல் என்று ஆறுதல் பட்டிருப்பான். அது கருகின பாத்திரத்தின் அடிமாதிரிக் கறுத்து நின்றது. அதற்குள் எங்கேயோ மின்னல் வெட்டி அணைந்தது.

உள்ளே வந்து போனைச் சுழற்றினான். இரண்டு தரம் எண் தப்பிப்போனது. மூன்றாம் தரம் லாட்ஜில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்காங்க பாய்."

"சாப்பிடப் போயிருப்பான் கல்லாக்காரன். பதறாதேயும். எடுக்கலேன்னா அங்கன ஒண்ணும் இல்லேன்னுதான் அர்த்தம்."

"அப்படித்தான் பாய் நானும் எழுதி வச்சிருக்கேன்" என்றான் வீரபாகு. குரல் அவன் குரல்மாதிரியே இல்லை. "எம் பொண்டாட்டி அங்கன குளிச்சிக்கிட்டு இருக்கா."

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

குற்றாலம் ரோடு சீசன் ரோடு. பஸ்ஸும் வேனும் முறுக்கு வண்டியும் பலாப்பழ வண்டியுமாக அடைத்துக்கொண்டு நின்றது. பாய் மண்ணில் இறக்கி, மரத்தடியில் நுழைத்து ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த வீரபாகு ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு புரோகிராமை முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டினான். அருவிக்குப் போகிற படிக்கட்டு நீளம். ஓடிப்போய்க் கத்தலாம் என்றால், தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேச்சே கேட்காது. சங்கு ஒன்றுதான் அங்கே கேட்கும். அந்தச் சங்கின் வாயைக் கட்டியவன் அவன். கட்டாமல் விட்ட இடம் எங்காவது இருக்கிறதா?

ஒரு இடம் இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் முதன்முதலாக மேல்பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்கிற வேலை. அந்த நேரத்தில் முந்தின அளவு என்று ஒன்று கிடையாது. அங்கே பதில் வராவிட்டால் ‘கூவு’வுக்குப் போ என்று எழுதியிருந்தான். அந்த வரியை எடுத்தோமா, விட்டோமா? எடுத்த மாதிரியும் இருந்தது, விட்ட மாதிரியும் இருந்தது. வேல்சாமி திட்டிய கோபத்தில், பயத்தில், வரிசையாக அடித்துக்கொண்டே போனான். ரப்பர் வைத்து அழித்த தாள் கண்ணுக்குள் வந்தது. எந்த வரியை அழித்தான் என்பது வரவில்லை.

"பாய், வேகமாப் போங்க பாய்."

"பறக்கவா சொல்லுதீரு? முன்னால பாரும், பஸ் குறுக்க நிக்கி."

லாட்ஜ் தெரிகிற திருப்பத்தில் வழியே இல்லை. வீரபாகு குதித்து ஓடினான். செருப்பு ஒன்று கழன்றது. லாட்ஜ் ஓரமாக ஓடுகிற ஓடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. காலையில் கண்ணாடிமாதிரிப் போகிற தண்ணீர் இப்போது கலங்கி, செம்மண் நிறத்தில், பச்சை இலையையும் முறிந்த குச்சியையும் உருட்டிக்கொண்டு போனது. அளவு அவ்வளவாக ஏறவில்லை. இனிமேல்தான் ஏறும்.

கல்லா அறை திறந்து கிடந்தது. போன் மணி நின்றிருந்தது. பெட்டியில் இருபத்திமூன்று எரிந்தது. ஓடை செம்மண்ணாக ஓடுகிறது, இங்கே காலையில் எரிந்த அதே இருபத்திமூன்று. செத்தவள் சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு நின்றது அந்தப் பெட்டி.

பின்பக்கம் கையை விட்டு வயரைப் பிடுங்கினான். எண் அணைந்தது. திரும்பச் சொருகினான்.

எண் எரியவில்லை. சங்கும் ஊதவில்லை. பெட்டி மேலே கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பையும் எழுதியவன் அவன்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குத்தான் எழுதியிருந்தான். அந்த ஒரு மூச்சு அவனுக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்த வரியை அழித்துவிட்டேன், அழித்தேவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தான்.

கூரைமேல் சங்கு அலறியது.

வெளியே பாய்ந்தான். வராந்தாவில் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மேலே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். "குரங்கு கடிச்சிட்டுடோய்!" என்றான் ஒருவன். "இன்னைக்கு யாரு கோவணத்தோட ஓடுதாங்கன்னு பாப்போம்" என்றான் மற்றவன். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், சங்கு ஊத ஊதத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

"போகாதீங்க! வெள்ளம்! வெள்ளம்!" வீரபாகு கத்திக்கொண்டே படியில் ஏறினான். கால் வழுக்கி முழங்கால் இடித்தது. எழுந்தான். அந்தக் குடும்பத்துப் பெரியவர் அவனைக் குடிகாரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து ஒதுங்கினார்.

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் வந்தது. பெண்கள் சத்தம். ஈரச்சேலையை இடுப்பில் சுருட்டிச் சொருகிக்கொண்டு, தலைமுழுக்கச் சீயக்காயோடு சந்தனமாரி இறங்கி வந்தாள். ஒரு கையில் அம்மாவை, ஒரு கையில் தங்கச்சியை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சித்தி பெரியம்மைமார். "ஏட்டி, கண்ணெல்லாம் எரியுதுட்டி, தலையை அலச விடுட்டி!" என்று மாமியார் வழியெல்லாம் திட்டினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து மாமனார் துண்டோடு ஓடி வந்தார். பெண்பிள்ளைகள் இறங்குகிறதைப் பார்த்து மற்றவர்களும் என்னமோ ஏதோ என்று பின்னாலேயே இறங்கினார்கள். படியேறிக்கொண்டிருந்த குடும்பமும் திரும்பியது.

"கொரங்காமே, எல்லாரும் சிரிக்காக" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் சந்தனமாரி. "நீங்கதானே சொன்னீக, இனிமே ஊதினா மெய்தான்னு. ஓடியாந்துட்டேன்."

வீரபாகு அவள் கையைப் பிடித்தான். ஊர் முன்னால் பொண்டாட்டி கையைப் பிடித்து நிற்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. "எல்லாரும் வந்தாச்சா? எண்ணிப் பாரு. எல்லாரும் வந்தாச்சா?"

அவள் பதில் சொல்லுமுன் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் காற்று வந்தது, ஈரமண் வாடையோடு. பிறகு மரம் ஒடிகிற மாதிரி ஒரு முறிவு. பாறை உச்சியில் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்த அருவி காணாமல்போய், அந்த இடத்தில் சிவப்பாக ஒரு சுவர் இறங்கியது. குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருந்த இரும்புக் கம்பி ஒரு தரம் வளைந்தது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. எண்ணெய்க் கிண்ணம், செருப்பு, யாருடையதோ ஜமுக்காளம் எல்லாம் சுருண்டு போயின. வராந்தாவில் சிரித்த இரண்டு பேரும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள்.

மாமியார் கண் எரிச்சலை மறந்து, நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள்ளை வச்ச சங்கு என் வம்சத்தையே காப்பாத்திட்டே!" என்று கும்பிட்டாள். வீரபாகுவுக்கு அந்தக் கும்பிடு நெருப்பாகச் சுட்டது. பாய் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, தோளில் கைவைத்தார். கடற்கரையையும் வேல்சாமியையும் குறைசொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். வீரபாகுவை யாரும் குறைசொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பிற்பாடு அவன் அந்தப் பெட்டிக்குப் புரோகிராமை மறுபடி எழுதினான். கொடி பார்க்கிற வரிகள் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டொரு பதில் தவறினால் பொறுத்துக்கொள்ளும். விடாமல் தவறினால் சங்கு முழுதாக அலறாமல் விட்டுவிட்டுக் கூவும். எனக்குத் தெரியவில்லை, போய்ப் பாருங்கள் என்பதற்கு அந்தச் சத்தம். மேலிருந்து பதில் வருகிற ஒவ்வொரு தரமும் கல்லா அறையில் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். டிக் சத்தம் நின்றாலே எழுந்து ஓடவேண்டும் என்று கல்லாக்காரனுக்குச் சொல்லி வைத்தான். எத்தனை பதில் தவறலாம் என்கிற எண்ணைப் பாயும் அவனும் சண்டைபோட்டு முடிவுசெய்தார்கள். "கூடிப்போச்சு" என்பான் இவன். "கொறஞ்சுபோச்சு" என்பார் அவர். கடைசிவரைக்கும் அந்த எண்ணில் இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குச் சாயந்திரம் நனைந்த துணியோடு எல்லாரும் தென்காசி வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். பார்வதியம்மாள் வாசலிலேயே விசயத்தைக் கேட்டுக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள அப்பா காதுல ஒண்ணும் விழவேண்டாம்" என்று கண்ணைக் காட்டினாள்.

சங்கரபாண்டி கட்டிலில் சாய்ந்திருந்தார். "என்னய்யா, எல்லாரும் இப்படித் தெப்பமா நனைஞ்சு வந்திருக்கீக?"

"ஒண்ணுமில்ல, சாரல்" என்றாள் பார்வதியம்மாள்.

வீரபாகு அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"சாரல் இல்லப்பா. வெள்ளம். தப்பிச்சு வந்திருக்கோம். நான் எழுதினதுல தப்பு இருந்துச்சு."

"ஏலே!" என்றாள் அம்மா.

"அத்தையும் இல்லப்பா. முப்பிடாதி அத்தை செத்துப்போயிட்டா. ரெண்டு வருசமாச்சு. தை மாசம்."

பார்வதியம்மாள் ஓடிவந்து புருசன் நெஞ்சில் கையை வைத்தாள். சந்தனமாரி சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். சங்கரபாண்டி மேலே உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"அந்தச் சக்கை வறுவல்ல உப்புக் கரிச்சிது, பார்வதி. அக்கா கைக்கு அவ்வளவு உப்பு வராது."

பார்வதியம்மாளின் கை அவர் நெஞ்சிலிருந்து நழுவியது.

"எத்தனை தடவை கேட்டேன்" என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் சௌக்கியமா இருக்கா, சௌக்கியமா இருக்கா. வார்த்தை கூட மாறல. உசுரோட இருக்கவளுக்கு ரெண்டு வருசத்துல ஒரு கால்வலி கூடவா வராது?"

பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "தண்ணி எடுத்து வைலே. சாவைக் கேட்டாச்சுல்லா. தலைமுழுகணும்."

அண்டாவில் தண்ணீர் நிறைத்தார்கள். அப்பா இடுப்புத் துண்டோடு கல்லில் உட்கார்ந்தார். வீரபாகு செம்பை முக்கித் தலையில் ஊற்றினான். அவர் தோள் ஒரு குலுங்கு குலுங்கியது. அழுகிறாரா, குளிரா, நெஞ்சா என்று தெரியவில்லை. ஊற்றிய செம்பைத் தூக்கினபடியே நின்றான். அவர் முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னலே நிப்பாட்டிட்ட?" என்றார் அப்பா, திரும்பாமலே. "ஊத்து."